மழைக்கு ஒதுங்கிய வாரம்

டோக்கியோவின் காண்டா வட்டாரப் புத்தகக் கடையில் வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் நாககுராவுக்கு மணிக்கட்டு விட்டுப்போயிருந்தது. வரிசையில் கடைசியாக வந்த நடுத்தர வயதுப் பெண் குனிந்து வணங்கினாள்.

"சென்சேய்," என்று ஆசானை அழைக்கும் மரியாதையோடு தொடங்கினாள், "எனக்கு வாள்சண்டை வேண்டாம். தோகுரோ மழைக்குப் பாலத்தடியில ஒதுங்கி நிப்பானே, அதை வரைஞ்சு தாங்க."

நாககுராவுக்குச் சுருக்கென்றது. அது அவர் எழுதியதே இல்லை. முப்பது வருடத்துக்கு முன் அவர் வயிற்றுப்புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாரப் பத்திரிகையில் தொடர் நின்றுபோனது. அதை வாராவாரம் பின்தொடர்ந்து டிவி கார்ட்டூனாக எடுத்துக்கொண்டிருந்த அனிமேக்காரர்களுக்குக் கதை தீர்ந்துவிட்டது. ஒரு வாரத்தை ஓட்டுவதற்காக, வாள்வீரன் தோகுரோவை அரை மணி நேரம் மழையில் நிறுத்திவிட்டார்கள். விஷயம் காதுக்கு வந்ததும் படுக்கையிலிருந்தே போன் போட்டு, "என் பையனை நட்டுவச்ச மரம் மாதிரி நிக்க வச்சுட்டீங்களேடா" என்று கத்தினார்.

"அதுல அப்படி என்னம்மா இருக்கு?"

"டிவியில சண்டை வந்தாலே அப்பா எந்திரிச்சுப் போயிடுவார். அன்னைக்கு மட்டும் ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டே கடைசி வரைக்கும் என் பக்கத்துல உக்காந்திருந்தார்."

நாககுரா பேனாவை எடுத்தார். பாலம் வந்தது, மழை வந்தது. அதோடு கை நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம் நின்னான்?"

"இடது பக்கம். என்ன சென்சேய், உங்களுக்கே மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா. கோவத்துல நான் அதைப் பாக்கவே இல்ல," என்றபடி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காந்து சொல்லு."