யூலர் என்றொருவர்

தேர்வு விண்ணப்பத்தில் தலைமையாசிரியையின் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் அது கிடைக்காவிட்டால் சின்னவள் இந்த வருஷம் உயர்கணிதத் தேர்வு எழுத முடியாது. உயர்கணிதம் இல்லாமல் அவள் கேட்கும் படிப்பில் இடம் இல்லை.

பள்ளிக்கூடத்து வாசல் பலகையில் உயர்கணிதம் உண்டு. வகுப்பில் கிடையாது. பந்திக்கு இல்லாத வாழைக்காய் பந்தலில் கட்டித் தொங்கிய கதை. போன வருஷமே கேட்டுப் பார்த்தாள். “உன் ஒருத்திக்காக வாத்தியார் வைக்க முடியுமா?” என்றார்கள். அப்படியானால் நானே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

படித்தாள். அம்மா வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் பின்னறையில், விடுதிப் போர்வைகள் உலரும் இயந்திரத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, நூலகத்து ஆங்கிலப் புத்தகத்தை உரக்க வாசித்தாள். அந்த இரைச்சலில் உரக்க வாசித்தால்தான் தன் குரல் தனக்கே கேட்கும். நீராவி பட்டுப் பக்கங்கள் நெளிந்துபோயின. ஒரு கணக்கு பிடிபடாவிட்டால் பிடிபடும்வரை அதையே கத்திக்கொண்டிருப்பாள்.

“போதும்டி, இந்நேரம் அந்த மெஷினே பாஸாயிருக்கும்” என்பாள் அம்மா, போர்வையை உதறிக்கொண்டே.

இப்போது அம்மா தலைமையாசிரியையின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு நடுவில் வந்ததால் கழுத்தில் சோப்பு வாசனை போகவில்லை. சின்னவள் நின்றாள்.

“எழுதுறது உன் இஷ்டம்” என்றார் தலைமையாசிரியை. “நீ ஃபெயிலானா விழுறது எங்க ரிசல்ட்ல. சார் ரெண்டு கேள்வி கேக்கட்டும். அவர் சரின்னா நானும் சரி.”

கணக்கு வாத்தியார் கையில் டீயோடு வந்தார். உட்கார்ந்தார். ஆற்றி ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

“ஒரு கலப்பெண் குடுக்குறேன். அதோட இருபதாவது அடுக்கு வேணும். என்ன பண்ணுவ?”

“யூலர் சூத்திரம் போட்டு அடுக்குக்குறி வடிவத்துக்கு மாத்துவேன் சார். அப்புறம் கோணத்தை இருபதால பெருக்கினா…”

“என்ன சூத்திரம்?”

“யூலர் சூத்திரம்.”

வாத்தியார் டீயைக் கீழே வைத்தார். சிந்திவிடக் கூடாதல்லவா. பிறகு சிரித்தார்.

“யூலரா? யாரும்மா அது, உங்க தெருக்காரரா? ஆய்லர், ஆய்லர்! பேரே வாயில வரல, இதுல பரீட்சை வேற.”

தலைமையாசிரியையும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. பெரிய மனிதர்கள் சிரித்தார்கள், மரியாதைக்குத் தானும் சிரித்தாள்.

சின்னவளுக்குக் காது மடல் கொதித்தது. அந்தப் பெயரை அவள் யார் வாயிலும் கேட்டதில்லை. கண்ணால் மட்டுமே பார்த்த பெயர். எழுத்துக் கூட்டி, இப்படித்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்ட பெயர். அந்த இயந்திரமா திருத்தும்? திருத்தியிருக்கக்கூடியவர் இதே கட்டடத்தில், ஆசிரியர் அறையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை சந்தேகம் கேட்கப் போனாள். “சிலபஸ்ல இல்லாததை எங்கிட்ட கொண்டு வராத” என்று பேப்பரைத் திருப்பினார்.

“சார், என் வழி சரியா, தப்பா?”

“மொதல்ல பேரை ஒழுங்கா…”

“வழி, சார்.”

“ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரும்மா. சொல்லுங்க சார்.”

“வழி சரிதான். ஆனா…”

“பேரைத் தப்பாத்தான் சொன்னேன். புஸ்தகத்துக்கு வாய் இல்ல சார். உங்களுக்கு இருந்துச்சு. கேட்டு வந்தப்ப சிலபஸ்ல இல்லன்னு தொரத்தினீங்க. இன்னைக்குச் சிரிக்கிறது மட்டும் சிலபஸ்ல இருக்கா?”

வாத்தியார் முகம் சுண்டியது. “பாத்தீங்களா மேடம், வாயை? இதுக்கா கையெழுத்து?”

தலைமையாசிரியை பேனாவை மூடினார். மூடிய சத்தம் அம்மாவுக்குக் கேட்டது.

“சார்” என்றாள் அம்மா. சிரிப்பு முகத்தைவிட்டுப் போயிருந்தது. “அவ பேரைத் தப்பாச் சொன்னதுக்கா நாம சிரிச்சோம்?”

“உச்சரிப்பும்மா. அதெல்லாம் உங்களுக்கு…”

“பரீட்சையில வாயால சொல்லணுமா, கையால எழுதணுமா?”

அம்மா சின்னவளைப் பார்த்தாள்.

“எழுதணும்” என்றாள் சின்னவள். “எழுதினா தப்பு வராது. எழுத்து எனக்குத் தெரியும்.”

“அப்புறம் என்ன மேடம்? போடுங்க.” அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். “போடுறவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். போர்வை காஞ்சா காயட்டும், எரிஞ்சா எரியட்டும்.”

தலைமையாசிரியை வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் டீயைப் பார்த்தார். பேனா திறந்தது. தனித்தேர்வர் என்று எழுதி, பள்ளியின் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாஸானாலும் ஃபெயிலானாலும் இவள் எங்களுடையவள் இல்லை என்று அர்த்தம்.

சின்னவள் நன்றி சொல்லவில்லை. தாளை உருவிக்கொண்டு நடந்தாள். தேர்வு அலுவலகம் மூடுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். அம்மா பின்னால் ஓடி வந்தாள்.

நிறுத்தத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, “நானும் சிரிச்சேன்ல?” என்றாள்.

“ஆமா.”

“திட்டணும்னா திட்டிடுடி.”

“பரீட்சை முடியட்டும்” என்றாள் சின்னவள். பஸ் வந்தது. அம்மாவுக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.