சூடு வேணாம்

பேனா மை பட்ட துணிக்குச் சூடு காட்டினால் அதோடு தீர்ந்தது. அந்தச் சலவைக் கடையில் தரை துடைக்க வருகிறவருக்குக்கூட இது தெரியும். சூடு பட்ட மை நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் எழுந்திருக்காது.

கடையில் கறை எடுப்பது அவள் வேலை. பதினொரு வருடமாக அதே மேசை, அதே பஞ்சு, அதே ஸ்பிரிட் பாட்டில். கறையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டு இஸ்திரி மேசையில் நிற்கிறவர் அவளுடைய வீட்டுக்காரர். இருவருக்கும் நடுவில் ஒரு கம்பி. கறை எடுத்த துணியை இவள் அதில் மாட்டுவாள், அவர் எடுத்து இஸ்திரி போடுவார். கறை முழுசாகப் போகாத துணி என்றால் காலரில் சிவப்பு கிளிப் மாட்ட வேண்டும் என்பது கடைச் சட்டம். காலை ஷிப்டில் இருக்கிறவர்கள் ஒழுங்காக மாட்டுவார்கள். இவர்கள் ஒரு நாளும் மாட்டியதில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் கிளிப் என்ன கிளிப்? அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சூடு வேணாம்" என்பாள். அவர் "ம்" என்பார். அவ்வளவுதான் சட்டம்.

அந்த வாரம் நான்கு நாளாக "சூடு வேணாம்" இல்லை, "ம்" இல்லை.

திங்கட்கிழமை காலையில் வீட்டுத் துணியை ஊற வைக்கப்போனவள், அவர் சட்டைப் பையில் கையை விட்டாள். சந்தேகம் ஒன்றுமில்லை, தொழில் பழக்கம். ஊரார் சட்டைப் பையெல்லாம் தடவித் தடவிப் பேனா எடுத்த கை, சொந்தப் புருஷன் பை என்று பார்க்குமா? பேனா இல்லை. நாலாக மடித்த கடுதாசி இருந்தது. ஊரின் மறுகோடியில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய சலவை நிலையம் அவரை இஸ்திரி வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், ஒன்றாம் தேதி வந்து சேர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் பக்காவாக.

கேட்டிருக்கலாம். கேட்கிற ஜாதியாக இருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலையே இருந்திருக்காது. கடுதாசியை அவருடைய வேறொரு சட்டையில் அதே மடிப்போடு வைத்துவிட்டு, அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. "என்ன, ஒரு மாதிரியா இருக்கே?" என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லை" என்றாள். உலகத்தில் எத்தனை குடும்பத்தை இந்த "ஒண்ணுமில்லை" அரித்துத் தின்றிருக்கிறது! அவருக்கும் ரோஷம் உண்டு. அவரும் வாயை மூடிக்கொண்டார். மூடின வாயோடு இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், முதுகோடு முதுகாக நின்றார்கள், ஒரே பஸ்ஸில் போனார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டிலைத் திறப்பாள், மூடுவாள், எதற்குத் திறந்தோம் என்று யோசிப்பாள்.

வியாழக்கிழமை பாட்டு டீச்சர் ஒரு கோட்டு கொண்டுவந்தார். சந்தன நிறம், புத்தம் புதுசு. மேல்பையில் செருகிய பேனா கக்கிவிட்டிருந்தது. மறுநாள் காலை நாற்பது பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் பாட வைக்கிறாராம், அதற்கென்றே வாங்கினதாம். ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் முதலாளியம்மா, போன மாதம் வீணாகிப் போன பட்டுத் துணியை நினைவுபடுத்தினார். அன்றைக்கே சொன்னதுதான், இன்னொரு துணி கெட்டால் உங்கள் இருவரில் ஒருத்தருக்குத்தான் இங்கே இடம்.

அவள் பைக்கு அடியில் வெள்ளைத் துணியை வைத்து, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து ஒத்தி ஒத்தி எடுத்தாள். நீலம் கீழே இறங்க இறங்க அடித்துணியை மாற்றினாள். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் எவ்வளவு என்பது ஈரம் காய்ந்தால்தான் தெரியும். கோட்டைக் கம்பியில் மாட்டினாள். பழக்கதோஷத்தில் வாய் திறந்தது, "சூ" வரைக்கும் வந்தது, மூடிக்கொண்டாள். சிவப்பு கிளிப் டப்பாவைப் பார்த்தாள். கிளிப் மாட்டினால் அவருக்குக் கடுதாசி போட்ட மாதிரி ஆகிவிடும். கடுதாசிதான் அவருக்கு ஏற்கெனவே வந்திருக்கிறதே! எப்படியும் அவர் கையில் இன்னும் ஆறு சட்டை இருக்கிறது, அதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. யாரோ ஒரு அம்மாள், பிள்ளை பேனாவை வைத்து சோபாவில் கிறுக்கிவிட்டானாம். துணி சோபாவா, தோல் சோபாவா என்று கேட்டாள். துணி என்றால் ஸ்பிரிட்டை ஒத்தி எடுக்கலாம், தேய்த்தால் கறை ஊரெல்லாம் பரவும். தோல் என்றால் ஸ்பிரிட் நிறத்தையும் சேர்த்து உரித்துவிடும், மெல்லிய சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேசையிலும் கிறுக்கியிருக்கிறானே என்றார் அந்த அம்மாள். பாலிஷ் போட்ட மரமா, அப்படியானால் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சுவரும் பாக்கியில்லையாம். பிள்ளை வீட்டையே ஒரு சுற்று வந்திருக்கிறான். நான்கு நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சோபா சீக்கிரம் காய ஹேர் டிரையர் காட்டலாமா என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஐயோ, சூடு மட்டும் காட்டிடாதீங்க" என்றாள் அவள்.

முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்று நீராவி கிளம்பியது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கோட்டின்மேல் துணி விரித்து அழுத்துவது அவர் வழக்கம், கீழே இருந்தது அவர் கண்ணில் படவேயில்லை. இப்போது துணியைத் தூக்கிவிட்டார். பைக்கு மேல் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம்.

"நீ ஒண்ணும் சொல்லலையே" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நான்கு நாளாக அவர் அப்படித்தான் வேலை செய்திருக்கிறார், அவள் பேசாமல் மாட்டினதையெல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை தொடங்கியது. அவர் கோட்டை இழுத்துப் பிடித்தார், அவள் உள்பக்கத்திலிருந்து ஒத்தினாள். ஸ்பிரிட், சோப்பு, மறுபடி ஸ்பிரிட். அடித்துணி வெள்ளையாகவே இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், அவர் கையை மட்டும் பார்க்கவில்லை. மணி நாலு. நாலரை. இருவரும் குனிந்து தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள், அப்போதும் பேசவில்லை.

ஐந்து மணிக்குப் பாட்டு டீச்சர் வந்தார். கோட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவாயில்ல, பழசு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போனார்.

முதலாளியம்மா இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு, யார் வேலை இது என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் அவர். "பாக்காம சூடு வச்சுட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். கடுதாசி ஞாபகம் வந்தது. ஒன்றாம் தேதி போகப்போகிற ஆள்தானே, நாலு நாள் முன்னால் போகட்டுமே. போகிற போக்கில் தியாகி பட்டமுமா? வாயை மூடிக்கொண்டாள். முதலாளியம்மா நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவர் இஸ்திரித் துணியை மடித்து எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். அவள் பின்னாலேயே வந்தாள். நாலு நாள் அடைத்து வைத்தது இனி நிற்குமா?

"உங்களுக்கென்னங்க, போறதுக்கு இடம் பாத்து வச்சுட்டுத்தானே ஒத்துக்கிட்டீங்க? பையில கடுதாசி இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அதுவா? வரமுடியாதுன்னு போன வாரமே சொல்லிட்டேனே. இப்ப வேற ஆளும் எடுத்துட்டாங்க."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, பெரிய இடம், போங்கன்னுதான் சொல்லுவே." மடித்த துணியை மறுபடி மடித்தார். "அங்க எனக்கு யாரு சூடு வேணாம்னு சொல்லப்போறா?"

அப்படியானால் அந்தக் கடுதாசியை எதற்குப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்று கேட்டாள். "என்னை வேணும்னு யாரும் எழுதினதில்ல. அதான்" என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

போக இடமில்லாத மனுஷன் அவளுக்காகப் பழியைத் தூக்கிக்கொண்டார், அவளோ கல்லு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். அழக்கூட நேரமில்லை. விறுவிறுவென்று உள்ளே திரும்பினாள். தன் மேசையிலிருந்த கிளிப் டப்பாவை எடுத்தாள், தூசியைக்கூடத் துடைக்கவில்லை, முதலாளியம்மா முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"மாட்ட வேண்டியது நான். மாட்டல. வாயால சொல்ல வேண்டியதும் நான். வேணும்னேதான் சொல்லல. தப்பு என்னோடது, அவரோடது இல்ல."

முதலாளியம்மா டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒருத்தர் போக வேண்டும் என்று சொன்னது சொன்னதுதான், அப்படியானால் போவது நீயா என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள்.

வாசலில் நிழல் தட்டியது. அவர் வந்து நின்றிருந்தார், இஸ்திரித் துணி இன்னும் கையில் இருந்தது. பதினொரு வருடமாக அவள் எதைச் சொன்னாலும் "ம்" கொட்டிய மனுஷன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக "ம்ஹூம்" என்றார்.