பதினோரு வருடப் பாவசங்கீர்த்தனம்

கஸ்பார் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலிட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் முடியவில்லை. புன்னைமுனை சம்மனசு மாதா கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் ஏழு இடங்களில் அவர் நான்காவது. மூன்றாவது இடம், உடைந்த கப்பலிலிருந்து கரையொதுங்கிய வெண்கல மணி. ஐந்தாவது, சுவரில் புதைந்த பீரங்கிக் குண்டு. இரண்டுக்கும் நடுவே தேக்கில் சின்ன அறைபோலச் செய்த பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது. அதன் இடப்பக்கத் திரைக்குக் கீழே அவருடைய உள்ளங்கால்கள் இரண்டும் தெரியும். உள்ளே சாமியார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஓர் இடத்துக்கு இரண்டு நிமிடம் என்று கணக்கு; கஸ்பாருக்கும் அவ்வளவுதான்.

அவருடைய மனைவி இஞ்ஞாசியம்மாள் அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிச் சுற்றுக்குச் சீட்டு வாங்கினாள்.

பாவசங்கீர்த்தனம் இத்தனை நீண்டதற்குக் காரணம் உண்டு. தன் பாவத்தைச் சொல்லத்தான் அங்கே போவார்கள். கஸ்பார் மனைவியின் பாவத்திலிருந்து தொடங்கினார். இதைச் சொல்லாமல் அது விளங்காது சாமி என்றார். சாமியாரும் சரி, சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். "இவ்வளவுதான் சாமி" என்று முழங்காலிட்டவர் சொல்லாதவரை கேட்கிறவர் எழுந்திருக்கக் கூடாது, அது சட்டம். முதலில் கேட்டவருக்கு ஐந்தாம் வருடம் மாற்றல் வந்தது. கேட்டதை அடுத்தவருக்குச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை, பாவசங்கீர்த்தன ரகசியம். ஆகவே புதிதாக வந்தவரிடம் கஸ்பார், கோயிலில் தங்கள் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். அவர் கேட்டுக்கொண்டே ஓய்வு பெற்றார். இப்போதிருப்பவர் மூன்றாமவர், காது கொஞ்சம் மந்தம். அதனால் கஸ்பார் குரலை உயர்த்தி, தேவையில்லாததை விட்டுவிட்டு, வேகமாகச் சொல்லி வந்தார். பூசை நேரத்தில் மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார். அந்த மரியாதையெல்லாம் அவருக்கு உண்டு.

ரகசியம் சாமியாருக்குத்தானே தவிர சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இல்லை. அவர்கள் கேட்டார்கள், வெளியே போய்ச் சொன்னார்கள். இஞ்ஞாசியம்மாள் எந்த வருடம் எந்தக் குழம்பில் புளியை அள்ளிக் கொட்டினாள், மாமியார் படுத்திருந்தபோது எத்தனை தடவை முகம் சுளித்தாள் என்பதெல்லாம் மீன் சந்தையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தினமும் நண்பகலில் அவள் தூக்குவாளியில் அவருக்குச் சோறு அனுப்புவாள். வாளி காலியாகத் திரும்பி வரும். சோற்றில் உப்பில்லை என்பது நாலு மணிச் சுற்றில் பாவமாகச் சேர்ந்திருக்கும். மறுநாள் உப்புப் போட்டு அனுப்பினால் அது வேறொரு பாவம். கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவளும் பதினோரு வருடம் அனுப்பினாள்.

அவளுக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது.

அவர்களுடைய மகன் சந்தியாகு பத்தொன்பது வயதில் கடலில் போனான். மார்கழி மூன்றாம் தேதி, துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்த காலை. கரையில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. சந்தியாகுவும் இறங்க மாட்டேன் என்றுதான் சொன்னான். அப்போது கஸ்பார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பயமா இருந்தா உங்கம்மா சேலைய எடுத்துக் கட்டிக்கிட்டு அடுப்படியில கெட" என்றார். அதை அடுப்படி வாசலில் நின்ற இஞ்ஞாசியம்மாளைத் தவிர யாரும் கேட்கவில்லை. பையன் துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் நாள் கஸ்பார் கோயிலின் சாவுப் புத்தகத்தில் எழுதச் சொன்னது இது: 'தகப்பன் சொல் தட்டிக் கடலேறினான்.'

தாய் தகப்பன் சொல்லைத் தட்டியது நாலாம் கட்டளைக்கு விரோதம். அப்படிச் செத்தவன் பெயரை, இறந்தவர்களுக்கான சகல ஆத்துமாக்கள் திருநாளில் வாசிக்க மாட்டார்கள். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். சந்தனமரியானுக்கு அடுத்தபடியாக நேரே சவரிமுத்து வந்துவிடும். சந்தியாகு வர வேண்டிய நடுவில் ஒரு மூச்சு இடைவெளிகூட விடுவதில்லை. புத்தகத்தை மாற்ற, எழுதச் சொன்னவரே வாயால் மாற்றிச் சொல்ல வேண்டும். தாயின் சாட்சி செல்லாது, தாய்கள் பிள்ளை பக்கம்தான் பேசுவார்கள் என்று கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

மகன் போன நாற்பத்தோராம் நாள் கஸ்பார் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன் என்றபோது, அதைச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தாள். சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். இப்போது அதை நினைத்தாலும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

கஸ்பார் எந்த நாள்வரை வந்திருக்கிறார் என்று கோயில் வாசலில் ஒரு கரும்பலகையில் தினமும் எழுதிப் போடுவார்கள். முதல் இரண்டு சாமியார்களிடம் அவர் மார்கழி மூன்றுவரை வந்து சேரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பலகையில் 'மார்கழி இரண்டு, இரவுச் சாப்பாடு' என்று இருந்தது. மறுநாள் காலையில் இஞ்ஞாசியம்மாள் நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சுற்றிக் காட்டுகிறவர் கர்வாலியோ. அந்தக் கோயிலில் மணியடிப்பதும் அவர்தான், சாவுப் புத்தகம் எழுதுவதும் அவர்தான். அந்த வேலைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவளைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்றார். பிறகு சீட்டைக் கிழித்துக்கொண்டு மற்றவர்களோடு மற்றவளாக நிறுத்தினார். திருப்பூரிலிருந்து ஒரு குடும்பமும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் வந்திருந்தார்கள். கேள்விகள் கடைசியில், கூட்டம் பிரியக் கூடாது, யாரும் பின்தங்கக் கூடாது என்று கர்வாலியோ சொன்னார்.

முதல் இடத்தில் ஒரு மரச் சம்மனசுக்கு, அதாவது தேவதூதருக்கு, ஒரு சிறகு நீளம், ஒரு சிறகு குட்டை. நீளமான பக்கம்தான் ஊர்ப் பெரிய குடும்பங்கள் உட்காரும் பக்கம் என்றார். இரண்டாவது, கோயிலைக் கட்டியவரின் கல்லறை. மூன்றாவது இடத்தில் திருப்பூர்க்காரர்கள் மணியைத் தட்டிப் பார்த்தார்கள். இஞ்ஞாசியம்மாளுக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. பக்கத்துத் தூணைத் தாண்டி வந்த குரல் காதில் விழ ஆரம்பித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பது போல அது தெளிவாக வந்துகொண்டிருந்தது.

நான்காவது இடத்தில் எல்லோரும் அரைவட்டமாக நின்றார்கள். கர்வாலியோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தொட்டியின் வயது, தேக்கு வந்த ஊர் எல்லாம் சொன்னார். இதோ முழங்காலில் இருப்பவர் தம் மனைவியின் பாவங்களைப் பதினோரு வருடமாகச் சலிக்காமல் ஒப்புக்கொண்டு வருகிறார் என்றும் சொன்னார். தலைமையாசிரியர் உச்சுக் கொட்டினார். "எவ்வளவு பொறுமை பாருங்க" என்று இஞ்ஞாசியம்மாளிடமே சொன்னார். அவள் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகாலில் வெடிப்பு அதிகமாகியிருந்தது.

"மார்கழி மூணு, விடியக்காலம்" என்றார் கஸ்பார். "கூண்டு ஏத்தியிருந்துச்சு சாமி. அவ காப்பி கொண்டாந்து வச்சா. சீனி இல்ல. வீட்டுல இருந்துச்சு, போடல."

காப்பியிலேயே அரை நிமிடம் போனது. சீனி எந்த டப்பாவில் இருந்தது, அவள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாள், தம்ளரை வைத்த சத்தம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இஞ்ஞாசியம்மாள் சேலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். சொல்லு, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சினாள். இதற்கு முன் சொன்னதெல்லாம் தன் தலையில் இருந்துவிட்டுப் போகட்டும், இந்த ஒன்றை மட்டும் அவர் எடுத்துக்கொண்டால் போதும் என்று சம்மனசு மாதாவிடமும் சொல்லிவைத்தாள்.

"பிள்ள போமாட்டேன்னான்" என்றார் கஸ்பார். "அப்ப அவ அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு அவனப் பாத்துச் சொன்னா சாமி. பயமா இருந்தா என் சேலைய எடுத்துக் கட்டிக்கிட்டு அடுப்படியில கெடன்னு. பிள்ள துடுப்ப எடுத்துட்டுப் போயிட்டான்."

பிறகு, "இவ்வளவுதான் சாமி" என்றார்.

மற்ற எல்லாம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றியிருந்தார். குரலில் பொய் சொல்கிறவனின் அவசரம் இல்லை. அவருக்கு அது அப்படித்தான் நடந்தது என்றே ஆகிவிட்டிருந்தது. இஞ்ஞாசியம்மாளுக்கு அந்த இரண்டு உள்ளங்கால்களிலும் சூடு வைத்தால் என்ன என்று தோன்றியது. தன் வாழ்நாளில் அவள் யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

உள்ளேயிருந்து சாமியார் பாவமன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார். பாவம் யாருடையதோ மன்னிப்பும் அவருக்கே என்பதால் இஞ்ஞாசியம்மாளின் பெயரைச் சொல்லி மன்னித்தார். அபராதமாக அவள் ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டும். கஸ்பார் தம் பாவம் என்று எதையும் சொல்லவில்லையாதலால் அவருக்கு ஒன்றும் இல்லை. திரையை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். முழங்கால் நிமிரவில்லை. திருப்பூர்க்காரர்கள் தள்ளி நின்று இடம் விட்டார்கள்.

கர்வாலியோ கக்கத்தில் வைத்திருந்த சாவுப் புத்தகத்தைத் திறந்தார். "மாத்திறலாம்கா. எழுதச் சொன்னவர் வாயாலேயே வந்துட்டு. 'தாய் சொல் கேட்டுக் கடலேறினான்'னு போட்டுருதேன். சொல் கேட்டவன் பேர வாசிக்கத் தடையில்ல. நம்ம கோயில் பங்கைச் சேர்ந்த ஒருத்தர், கேட்டேன்னு கையெழுத்துப் போடணும், அதுக்குத் தாயும் செல்லும். இங்க நீங்க ஒருத்தர்தான்."

"அத நான் சொல்லல" என்றாள் அவள்.

இருக்கலாம் என்று கர்வாலியோ ஒப்புக்கொண்டார். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை மறுத்து எழுதப் புத்தகத்தில் பத்தி இல்லை. மன்னிப்புக் கொடுத்தாகிவிட்டது, ஒரே பாவத்தை இரண்டாம் தடவை ஒப்புக்கொள்ள முடியாது, ஆகவே கஸ்பார் இனி இதைப் பற்றி எங்கேயும் பேச மாட்டார். கையெழுத்து இல்லையென்றால் பழையது பழையபடியே இருக்கும். இன்னும் இருபது வினாடி இருக்கிறது என்றும் சொன்னார்.

தலைமையாசிரியர் தம் பேனாவை நீட்டினார். இஞ்ஞாசியம்மாள் புத்தகத்தைப் பார்த்தாள். 'தகப்பன் சொல் தட்டி' என்பதன்மேல் ஏற்கனவே ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. கையெழுத்துப் போட்டால் பிள்ளையைக் கொன்றவள் அவள் என்று ஆகும். போடாவிட்டால் நவம்பர் இரண்டாம் தேதி சந்தனமரியானுக்கு அடுத்து சவரிமுத்து. அவள் தன் பெயரை முழுதாக, எழுத்துக் கூட்டி எழுதினாள். பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

புதிதாகச் சேர்த்த பெயரை ஒருமுறை வாசித்துச் சரிபார்ப்பது வழக்கம். கர்வாலியோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"சந்தனமரியான். சந்தியாகு."

"இருக்கேன்" என்று கடற்பக்க வாசலிலிருந்து பதில் வந்தது.

சந்தியாகு உள்ளே வந்தான். அதே பத்தொன்பது வயது, அதே கைலி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரை பழைய தரை, துடுப்பை இழுக்காமல் தூணில் சாய்த்து வைக்கும்படி கர்வாலியோ சொன்னார். அவன் சாய்த்து வைத்தான். தகப்பனைத் தாண்டி நேரே தாயின் முன்னால் வந்து நின்றான். புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"நான் பயப்படலம்மா" என்றான். "பாத்தியா?"

"கேட்டுக்கிட்டீங்களா சார்" என்று கஸ்பார் தலைமையாசிரியரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார்.

இஞ்ஞாசியம்மாள் மகனுடைய நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"பாத்தேன்யா" என்றாள்.

இரண்டு நிமிடம் முடிந்திருந்தது. கர்வாலியோ பீரங்கிக் குண்டு பதிந்த சுவரை நோக்கிக் கையைக் காட்டினார். கூட்டம் பிரியக் கூடாதென்பதால் எல்லோரும் நடந்தார்கள். தாயும் மகனும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கஸ்பார் இஞ்ஞாசியம்மாளின் சீட்டில் மீதியிருந்த மூன்று இடங்களைப் பார்க்கப் போனார்.