மேஜருக்குப் போரடிக்கக் கூடாது

நொயலீன் தான் அரணை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் தட்டைக் கல்லை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்திய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் பப் ஆற்றைத் தாண்டி அக்கரையில் போய் நின்றது. உள்ளே இருந்த ஆறு பேரின் பியரும் தளும்பவில்லை. வெளியே வந்த பிறகுதான் ஊருக்கும் தங்களுக்கும் நடுவே ஆறு ஓடுவதைப் பார்த்தார்கள்.

அரணையின் பெயர் மேஜர். முழங்கை நீளம், நீல நாக்கு, இந்த ஆஸ்திரேலியப் புதர்களில் திரிகிற இனம். அதற்கு முன் மூன்று மாதமாக அது கிடந்த இடத்திலேயே கிடக்க, கால்நடை டாக்டர் கிளெனிஸைக் கூப்பிட்டாள் நொயலீன். கிளெனிஸ் அதைப் புரட்டிப் பார்த்தாள். “சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அதுக்குப் போரடிச்சுப் போச்சு. வாரம் ஒருக்கா கல்லு கட்டையெல்லாம் எடம் மாத்தி வை. நத்தைய அட்டைக் குழாய்க்குள்ள ஒளிச்சு வை, தேடித் தின்னட்டும். அது பதுங்குற மரப்பொந்த மட்டும் தொட்றாத.”

மேஜர் தேறியது, ஊர் படாத பாடு பட்டது. இரண்டாம் வாரம் தேவாலயம் கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் போனது. நான்காம் வாரம் தபால் நிலையம் பெட்ரோல் பங்க் இருந்த இடத்துக்கு வந்தது. நொயலீனின் வீடு மட்டும் அசையவில்லை. நாங்கள் வழி விசாரித்து விசாரித்துச் சமாளித்தோம். அவள் கணவர் ட்ரெவர் எப்படிச் சமாளிப்பார்? அவருக்கு நினைவு தப்பி இரண்டு வருடம். மனைவியின் பெயர்கூட நாக்கில் வராது. மூன்று மணிக்குத் தபால் நிலையம் போய்த் திரும்புகிற நடை ஒன்றுதான் மிச்சம். தொட்டியில் கல் நகர்ந்தால் ஊர் நகர்கிறது என்று கண்டுகொண்ட கறிக்கடை மெர்வ் அவள் வீட்டுக்கே போய், “பல்லி வேணுமா, புருஷன் வேணுமா, நீயே சொல்லு” என்றான். அதன் பிறகு அவள் தொட்டியில் எதையும் இடம் மாற்றவில்லை.

ஒன்பது நாள் தெருக்கள் நின்ற இடத்தில் நின்றன. பத்தாம் நாள் மேஜர் நத்தையைத் தொடவில்லை. அன்றே ட்ரெவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்று மணிக்கு நொயலீன் அவர் தலையில் தொப்பியை வைத்தாள். தொப்பியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கஞ்சியும் இறங்கவில்லை. அவள் என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று போய் மரப்பொந்தைத் தவிர தொட்டியில் இருந்த அத்தனையையும் புரட்டி வைத்தாள். ட்ரெவர் எழுந்து வெளியே நடந்தார்.

ஐந்து மணியாகியும் ஆள் வரவில்லை. தேடப் போன மெர்வும் மற்றவர்களும் தாங்களே வழி தவறிப் போனார்கள். “நானே தொலைச்சுட்டேன்” என்று வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நொயலீன் புலம்பினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆறு மணிக்கு, நேற்றுவரை இல்லாத ஒரு தெருவில் ட்ரெவர் வந்தார். கையில் கடிதங்கள். பின்னால் மெர்வ், அவன் பின்னால் இருபது பேர், செம்மறிகள் போல. ஒவ்வொரு தெருமுனையிலும் ட்ரெவர் நின்று நாக்கை நீட்டிக் காற்றை ருசி பார்த்துத் திரும்பினாராம். எங்கள் முன்னாலும் நீட்டினார். நல்ல நீலம்.

“பசிக்குது, நொயலீன்” என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவர் வாயால் தன் பெயரைக் கேட்டவள் அவர் கையிலிருந்த கடிதங்களை வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஸ்ட்ராபெரிகளை நறுக்கி, மேஜருக்கு ஒரு தட்டும் அவருக்கு ஒரு தட்டும் வைத்தாள்.

ஞாயிறுதோறும் அவள் கல்லை மாற்றுகிறாள். தபால் நிலையம் போக வேண்டியவர்கள் எல்லோரும் மூன்று மணிக்கு அவள் கேட்டருகே வந்து ட்ரெவரின் பின்னால் நடக்கக் காத்திருக்கிறோம்.