பிரஷர் மாத்திரை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று அடி அண்ணாமலை முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். பௌர்ணமிக் கூட்டத்தில் கூல்டிரிங்ஸ் கடை நடத்துகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் கடைக்குள்ளேயே வந்து பாய் போட்டுப் படுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நான் போன சித்திரா பௌர்ணமி அன்று, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வாயை இறுக மூடிக்கொண்டு ரோட்டோரத்தில் கிடந்தேன்.

முதலில் என் நோயைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்பது நுரையீரல் பிரஷர். கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்களே, அந்தப் பிரஷர் இல்லை. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாய்கள் இறுகிவிட்டன. உள்ளே தள்ள முடியாமல் இதயம் திணறுகிறது, நாலு படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு வருஷம் ஆஸ்துமா என்று நினைத்து அலைந்த பிறகு வேலூரில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார். டாடாலாஃபில் ஒன்று, அம்பிரிசென்டன் ஒன்று என்று இரண்டு மாத்திரை எழுதினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் குழாயைத் தளர்த்துமாம், இரண்டும் சேர்ந்தால்தான் எனக்குப் பலனாம். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, வயிற்றில் பிள்ளை தங்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு அட்டையில் சிவப்பு மையால் எழுதிக் கையில் கொடுத்தார்.

"நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கும்மா. யார் குடுத்தாலும் வாயில வாங்கிடாத. நீ சாப்பிடறதோட அது சேந்தா உடம்பு முழுக்க பிரஷர் சடார்னு எறங்கிடும். அப்புறம் எங்களாலயே ஏத்த முடியாமப் போயிடும். இந்த அட்டை எப்பவும் உன் கூடவே இருக்கணும்."

இருந்ததா? இல்லை. பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. வைத்துப் பூட்டியவர் என் வீட்டுக்காரர் விமல்ராஜ்.

விஷயம் இதுதான். டாடாலாஃபில் என்ற பேருக்கு மெடிக்கல் ஷாப்பில் வேறு அர்த்தம். ஆம்பிளைகள் வேறொரு காரியத்துக்கும் அதை வாங்குகிறார்கள். முதல் தடவை இவர் தன் சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரிலேயே போய் வாங்கினார். அங்கே மெடிக்கலில் நிற்கிற வேணு இவரோடு பத்தாவது வரை படித்தவன். சீட்டைப் பார்த்தவன் இவரை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்திருக்கிறான். மாத்திரையை நியூஸ்பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, யாருக்கும் தெரியாமல் தருகிற மாதிரி தந்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் அந்த ஊர் டீக்கடை முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து இவர் வேலூரிலேயே வாங்கி வருவார். பேர் போட்ட மேலட்டையைக் கிழித்து மாத்திரைகளை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டு, யார் கேட்டாலும் பிரஷர் மாத்திரை என்பார். நுரையீரல் பிரஷர்தானே, பொய்யா என்பார். நானும் இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு, ஒழிஞ்சு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில் என் வாய் எங்கே போயிற்று என்று இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

பௌர்ணமி அன்று சாயங்காலம் நாலு மணி. மலையைச் சுற்றி நடை போகிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். இவர் பின்னால் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். சோடா பெட்டியை நான் தூக்கக் கூடாது. தூக்கினேன். அவசரம், வேறென்ன. நெஞ்சில் ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. கண் இருட்டிக்கொண்டு வர, கடை வாசலிலேயே சரிந்தேன்.

முதலில் ஓடி வந்தவர் பக்கத்துத் தேங்காய்க் கடை தருமண்ணன். தங்கமான மனுஷன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கே ஹார்ட் அட்டாக் வந்தது. நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரைதான் தன்னை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது என்று எல்லாரிடமும் சொல்வார். அந்தச் சின்ன பாட்டில் சட்டைப் பையில் இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. என்னைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, பாட்டிலைத்தான் எடுத்தார். மூடியைத் திருகிக்கொண்டே இவரிடம் கேட்டார்.

"விமலு, தேவி வேற எதுனா மாத்திரை சாப்புடுதா?"

இவர் கையில் ஐஸ் தண்ணீர் சொட்ட நின்றார். சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள். எங்கள் எதிர் டீக்கடை ஆட்கள் முன்னாலேயே நின்றார்கள்.

"பிரஷர் மாத்திரதாண்ணே" என்றார்.

"அவ்ளோதான? நானுந்தான் சாப்புடறேன். ஒண்ணும் ஆவாது."

பாவி மனுஷா, சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். அன்று காலை எட்டு மணிக்குத்தான் இரண்டு மாத்திரையும் போட்டிருந்தேன். தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தவர் இவர். வேணாம் என்று சொல்ல மூச்சை இழுத்தேன். "வே" என்றதோடு நின்றுவிட்டது. தருமண்ணன் பெண்சாதி பேர் வேதா. தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று ஓடி வந்து, இதோ இருக்கேன்டி என்று என் தலையை மடியில் பிடித்துக்கொண்டார். இப்போது தலையைக்கூட ஆட்ட முடியவில்லை.

மாத்திரை உதட்டில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினேன். வாயைத் திறம்மா, தங்கம்ல என்று தருமண்ணன் கெஞ்சினார். அவர் கண்ணில் தண்ணீர். என்னைக் காப்பாற்றத்தான் அந்த மனுஷன் துடித்தார், அதுதான் கொடுமை. கட்டை விரலால் உதட்டை விலக்கப் பார்த்தார். நாக்கால் வெளியே தள்ளினேன். மாத்திரை என் புடவையில் விழுந்தது. அவர் பாட்டிலைத் தட்டி அடுத்ததை எடுத்தார்.

"பல்லு கட்டிக்கிச்சு, வலிப்புதான்" என்றார் வேதாக்கா. வலிப்பு என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், நம் ஜனங்களுக்கு இரும்பு ஞாபகம் வந்துவிடும். யாரோ எங்கள் கல்லாவிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் திணித்தார்கள். இன்னொருத்தி என் இரண்டு கன்னத்தையும் அழுத்தினாள். தாடை விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு நிமிஷம் தாங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை. என் மகள் டியூஷனிலிருந்து வருகிற நேரம் வேறு.

இருந்த கொஞ்சநஞ்ச உயிரையும் சேர்த்து சாவிக்கொத்தை இவர் மேல் எறிந்தேன். என் கோபத்துக்கு அது நெற்றியைப் பிளந்திருக்க வேண்டும். இருந்த தெம்புக்குக் காலடியில்தான் விழுந்தது. இவர் குனிந்து பார்த்தார். கொத்தில் எல்லாவற்றையும் விட நீளமானது பீரோ சாவி.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பாய்ந்து வந்து தருமண்ணன் கையைப் பிடித்தார்.

"குடுக்காதண்ணே. அவ சாப்புடறது சாதா பிரஷர் மாத்திர இல்ல. டாடாலாஃபில். ஆம்பளைங்க கடையில வாங்குறாங்களே, அந்த மாத்திர. எம் பொண்டாட்டி தெனம் அதத்தான் சாப்புடறா, நுரையீரலுக்கு. இது அதோட சேந்தா செத்துடுவாண்ணே."

கூட்டத்தில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். வேதாக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் சிரிப்பு அங்கேயே செத்தது. தருமண்ணன் பாட்டிலை மூடினார். என் புடவையில் விழுந்திருந்த மாத்திரையையும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு 108 வர இருபது நிமிஷம் ஆனது. அதில் வந்த அன்புச்செல்வி என்கிற பெண் எனக்கு ஆக்ஸிஜனை மாட்டிவிட்டு, என்னென்ன மாத்திரை என்று கேட்டாள். டாடாலாஃபில் நாற்பது, அம்பிரிசென்டன் அஞ்சு, ரெண்டும் காலையில எட்டு மணிக்கு என்று இவர் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். ஆறு மாசமாக வாயிலேயே வராத பேர், இவ்வளவு நாளும் மனப்பாடமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நல்லவேளை சொன்னீங்கண்ணா" என்றாள் அந்தப் பெண், பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே. "நெஞ்சு வலி, பிரஷர் மாத்திரைனு மட்டும் சொல்லியிருந்தா எங்களுக்கும் அந்த மாத்திரை ஞாபகந்தான் மொதல்ல வந்திருக்கும். எங்க பையிலயும் இருக்கு."

இவர் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்க் மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு நான் பேசியிருக்கும் பேச்சுக்கு வண்டியிலிருந்து குதித்திருப்பார்.

வேலூரில் எட்டு நாள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார், வீட்டுக்கு வந்ததும் மிச்சத்தை நான் திட்டினேன். சிவப்பு மை அட்டை இப்போது என் கழுத்தில் தாலிக்கயிற்றோடு தொங்குகிறது. இன்னொன்று மகளின் பையில், இன்னொன்று தருமண்ணன் கடையில். தருமண்ணன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் தன் சட்டைப் பையைத்தான் தொட்டுக்கொள்கிறார்.

அடுத்த மாசம் மாத்திரை தீர்ந்தபோது இவர் வண்டியை வேலூர்ப் பக்கம் திருப்பவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் மெடிக்கல் வாசலில் போய் நிறுத்தினார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேரைச் சொல்லிக் கேட்டார். வேணு சீட்டைப் பார்த்தான், வண்டியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கும் போல, சிரிக்கவில்லை. மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் நியூஸ்பேப்பரைக் கிழித்தான்.

"சுத்தாத வேணு" என்றார் என் வீட்டுக்காரர். "பேரு தெரியட்டும்."