மருந்துச் சட்டையும் கருப்பணசாமியும்

எரியோடு ஊருக்குத் தெற்கே இரண்டு ஏக்கரில் கத்தரி போட்டிருந்த நல்லுசாமி, 1998ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், மனைவி சண்முகவள்ளியைத் திண்டுக்கல்லுக்கு டாக்டர் பிரிஸ்கில்லாவிடம் கூட்டிப் போனான். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. அவளுக்கு மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், நான்கு மாதமும் ஆகும். தள்ளிப்போகும்போதெல்லாம் ஆசைப்படுவாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு களையெடுக்கப் போய்விடுவாள்.

டாக்டர் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். இருவருக்கும் பெரிய குறை ஏதும் இல்லை.

"என்ன வெள்ளாமை?"

"கத்தரிங்க டாக்டரம்மா. ஆனா வீட்டுக்குன்னு ரெண்டு பாத்தி மருந்தே அடிக்காம வச்சிருக்கேன். இவ வாயில ஒரு சொட்டுப் பூச்சிமருந்து போனதில்ல."

"மத்த பாத்தியெல்லாம்?"

"அது மார்க்கெட்டுக்குங்க" என்றவன், டாக்டரும் மார்க்கெட்டில்தான் காய் வாங்குவார் என்பது நினைவுக்கு வந்தவன்போல மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

"மருந்த யாரு கலக்குறது?"

"இவதான்."

"எதால?"

"கையாலதான். கலக்கி டேங்க்ல ஊத்திக் குடுப்பா, நான் அடிப்பேன்."

"அடிச்ச சட்டைய?"

"அதையும் இவதான் துவைப்பா" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"இதுனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். வேற காரணமும் இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா பூச்சிமருந்துல சிலது தோல் வழியாவே உள்ள போயிரும். முட்டை வளரணும், மாசாமாசம் வரவேண்டியது வரணும்னு உடம்புக்குள்ள சேதி கொண்டுபோறது ஹார்மோன். தபால்காரர்னு வச்சுக்கங்க. இந்த மருந்து அவரு சட்டையப் போட்டுக்கிட்டு வந்து தப்பான கடுதாசியக் குடுத்துருதோன்னு ஆராய்ச்சி பண்றவங்க சந்தேகப்படுறாங்க. ஆறு மாசத்துக்கு இவங்க கலக்க வேணாம், அந்தச் சட்டையத் தொட வேணாம், அடிச்ச செடியில காய் பறிக்க வேணாம். நீங்களும் கையுறை போட்டுக் குச்சியால கலக்குங்க. பாப்போம்."

திரும்பும் பஸ்ஸில் நல்லுசாமி இரண்டு டிக்கெட் வாங்கினான். பிறகு, "ஆறு வருஷமா அந்தக் களவாணிக்கு நாந்தானடி விலாசம் குடுத்திருக்கேன்" என்றான்.

குச்சியால் கலக்குவது சுலபமாக இருந்தது. காய் பறிக்க ஆள் வைத்தான். சட்டைதான் பெரும்பாடு. பெண்டாட்டி நன்றாக நடமாடும்போது ஆண்பிள்ளை துணி துவைத்தால், அந்த ஊரில் அதற்கு இரண்டே அர்த்தம்: சண்டை, அல்லது பெரிய சண்டை. ஆளில்லாத உச்சிவெயிலில் பம்புசெட்டுத் தொட்டிக்குப் போய், ஒரு சட்டைக்கு அரைக்கட்டி சோப்பைக் கரைத்தான். மூன்றாம் முறை, பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து வந்து நின்றார்.

"என்னப்பு, துணி மட்டுந்தானா, சோறும் நிறுத்திட்டாளா?"

மாதவிலக்கையும் ஹார்மோனையும் நாச்சிமுத்துவிடம் சொல்ல முடியுமா? நல்லுசாமி வாயில் வந்ததைச் சொன்னான். "நேர்த்திக்கடன்ணே. மருந்துச் சட்டைய நானே துவைக்கணும்னு கருப்பணசாமி உத்தரவு."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எம்புட்டு நாளைக்கு?"

"ஆறு மாசம்ணே."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "நான் அஞ்சு பெத்தேன், எந்த டாக்டரப் பாத்தேன்?" என்று இத்தனை நாளும் முணுமுணுத்த நல்லுசாமியின் தாய், சோப்புப் பெட்டிக்குத் திருநீறு பூசினாள். பழக்கதோஷத்தில் சண்முகவள்ளி சட்டையை எடுக்கப் போனால், "ஏத்தா, தொடாத. சாமி காரியம்" என்று தடுத்தாள். டாக்டரே வந்திருந்தாலும் இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காவல் இருந்திருக்க மாட்டார்.

அடுத்த மாதம் நாச்சிமுத்துவும் தொட்டிக்கு வந்தார். அவருக்குப் போர்வெல்லில் தண்ணீர் வர வேண்டும். ஒருவர் மகளின் வரனுக்காக வந்தார், ஒருவர் முட்டிவலிக்காக. மருந்து அடித்த நாள்களில் தொட்டியருகே வரிசை நின்றது. நாச்சிமுத்துவின் மனைவி கௌசல்யா சண்முகவள்ளியிடம் ரகசியமாகக் கேட்டாள்: "ஏத்தா, சேலை துணிமணியையும் சாமி ஏத்துக்கிருமான்னு உம் புருசங்கிட்டக் கேட்டுச் சொல்றியா?"

நல்லுசாமிக்குத்தான் சோறு இறங்கவில்லை. கருப்பணசாமி பொய்யைப் பொறுக்காதவர். மார்கழியில் ஒருநாள் மனைவியிடம் சொல்லிவிட்டான்: "சாமி பேரச் சொல்லிப் பொய் பேசிட்டேன் புள்ள. அந்தக் குத்தத்துக்குன்னே உனக்கு ஒண்ணும் தங்காமப் போயிருமோன்னு பயமா இருக்கு."

சண்முகவள்ளி காலண்டரைக் காட்டினாள். இரண்டு மாதமாகத் தேதி தவறவில்லை. பென்சிலால் சுழித்து வைத்திருந்தாள். "சாமிக்குக் கோவம் இருந்தா இது வந்திருக்குமா? மனசு கேக்கலையின்னா பொய்ய மெய்யாக்கிட்டு வாங்க. அம்புட்டுத்தான?"

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி சூடத்தை ஏற்றினார். நல்லுசாமி கை கூப்பினான்.

"சாமி, நீ சொல்லாததச் சொன்னதாச் சொல்லிட்டேன். இப்ப நெசமாவே நேந்துக்கிறேன். நீ பிள்ளை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, இவ கை இனிமே மருந்துல படாது. எஞ்சட்டைய நாந்தான் துவைப்பேன். ஆறு மாசமெல்லாம் இல்ல, எப்பவும்."

பூசாரி குழம்பிவிட்டார். "ஏப்பா, குடுத்தாலும் குடுக்காட்டியும்னா, சாமி எதைன்னு எடுத்துக்கிறது? கேக்குறதச் சரியாக் கேளு."

"அம்புட்டுத்தான் சாமி" என்று நல்லுசாமி திருநீறு வாங்கிக்கொண்டான்.

பாதி வழியில் சண்முகவள்ளி சட்டென நின்றாள். எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஆறு வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இன்று அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் அதைக் கேட்கவே மறந்துபோயிருந்தாள்.

"வா, திரும்பிப் போயிக் கேட்டுட்டு வந்துருவோம்" என்றான் நல்லுசாமி.

தோட்டத்துப் பக்கம் பம்புசெட்டு ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"இருக்கட்டும்ங்க" என்றாள் அவள். "கரண்டு வந்துருச்சு. தண்ணி பாச்சணும்."