கடலில் முக்கியெடுத்த பட்டைகள்

1964ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து, தீவில், ஜங்லிகாட் கடலோரம் ஒர்க்ஷாப் வைத்திருந்த ஜெகநாதனின் பழைய வேன், கடல் ஏறும்போது பின்பக்கம் ஒரு முழம் உயர்ந்தது. கடல் வற்றும்போது தரையில் உட்கார்ந்தது. தப்பு அவன்மேல்தான். மனைவி விசாலாட்சியின் முதல் பிள்ளை, புரோத்ராபூர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், மாட்டுவண்டிக் குலுக்கலிலேயே போய்விட்டது. இந்தத் தடவை அவள் காலைத் தூக்காமல் ஏற வேண்டும், வயிறு அதிராமல் போக வேண்டும் என்று வேனின் பின்பக்கம் பாரம் தாங்கும் வில்பட்டைகளைக் கழற்றி, உலையில் காய்ச்சி, வளைவைத் தட்டி எடுத்துத் தாழ்த்தினான். காய்ச்சிய பட்டையை எண்ணெயில் முக்க வேண்டும். எண்ணெய் வரவேண்டிய கப்பலோ மெட்ராஸிலேயே நின்றது. குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு இரண்டு வாளிதான். பொறுமை என்பதே இல்லாத மனிதன், சிவக்கச் சிவக்க எடுத்துப்போய்க் கடலில் முக்கினான். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீன்காரர்கள் வேனைப் பார்த்துவிட்டுப் படகு இறக்கினார்கள்.

ஆனால் கடல் வற்றிய நேரத்தில் வேனின் பின்பக்கம் புரோத்ராபூர் மேட்டில் கல்லில் உரசியது. மூன்றே கியர் கொண்ட பழைய பாக்ஸ் பாதி மேட்டிலேயே மூச்சை விட்டது. மெயின்லேண்டுக்குக் கடிதம் போட்டு நாற்பது நாள் கழித்து, ஒரு ஜீப்பின் நாலு கியர் கொண்ட பாக்ஸும் கெட்டியான லாரிப் பட்டைகளும் கப்பலில் வந்து இறங்கின. ஜெகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. தரைத்தகட்டை வெட்டி, சக்கரத்தைச் சுழற்றும் தண்டைக் குறுக்கி, இரண்டே நாளில் கியர் பாக்ஸை ஏற்றிவிட்டான். முதல் கியரில் வேன், பால் பானை சுமந்தவள் நடப்பதுபோல் மேடேறியது. உச்சியில் இறங்கி நின்று தனியாகக் கைதட்டிக்கொண்டான்.

மிச்சம் இருந்தது பட்டைதான். உதிரிபாகக் கடை அப்துல் ரஹ்மானுக்கு இதில் சந்தேகமே இல்லை. "அரே ஜெகா, கடல் பேச்சைக் கேக்குற வண்டியில பொஞ்சாதிய ஏத்துவியா? ஜஹாஜ்ல வந்த புதுப் பட்டையைப் போடு."

போட்டான். விசாலாட்சி ஏறி உட்கார்ந்து பத்து கஜம் போனாள். "நிறுத்துங்க. இதுக்கு மாட்டுவண்டியே தேவலாம். பழசையே போடுங்க."

"கடல் வத்தியிருக்கிறப்ப வலி வந்தா?"

"சொல்லிப் பாக்கறேன்" என்றாள். கடலிடமா, பிள்ளையிடமா என்று அவன் கேட்கவில்லை. பயத்தோடு பழைய பட்டைகளையே மாட்டினான்.

பௌர்ணமிக்கு மறுநாள், மாலை நாலு மணிக்கு வலி கண்டது. அந்த மாதத்தில் கடல் அதைவிட உள்வாங்கிய நேரம் கிடையாது. வேன் வாசலில் எருமைபோல் படுத்துக் கிடந்தது. விசாலாட்சி காலைத் தூக்காமலே ஏறினாள். ஜெகநாதன் முதல் கியர் போட்டான். சக்கரம் சுற்றியது, பின்பக்கம் மண்ணை விட்டு எழவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தரைத்தகட்டில் உள்ளங்கையை வைத்து, "ஏறு" என்றாள்.

பின்பக்கம் எழுந்தது. அதே நேரம் ஜங்லிகாட்டில் சேற்றில் சாய்ந்திருந்த படகுகள் நிமிர்ந்து மிதந்தன. அலசிக் காயப்போட்ட வலைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஓடியது. வேன் ஓர் அதிர்வும் இல்லாமல் மேடேறி இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பெண் குழந்தை, ஏழு பவுண்டு. வந்த வேகத்தில் வீறிட்டு அழுதது. அதன் பிறகுதான் கடல் திரும்பிப் போனது.

துறைமுகத்தில் நீர்மட்டம் குறிக்கும் குமாஸ்தா, அன்றைய ஏற்றம் ஆறு மணி நேரம் முந்தி வந்ததாகப் பதிவேட்டில் எழுதினார். காரணம் என்ற இடத்தில், அப்துல் ரஹ்மானிடம் விசாரித்துவிட்டு, பிரசவம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.